தாது மணல் எடுக்கும் முன் மண்ணைச் சோதிக்கப் போகிறீர்களா? ஐஸ் பெட்டியோடு போங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் மிடாலம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தென்னை விளை (தோப்பு) உண்டு. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் தாது மணல் எடுக்கத் திட்டமிட்டதும், 2024 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு வைத்த கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனதும் எல்லாருக்கும் தெரியும். நாளைக்கே தோண்டினால், முன்பு மண் எப்படி இருந்தது என்று சொல்ல நம் கையில் ஒரு தாளாவது வேண்டாமா?

ரசாயனச் சோதனை சுலபம். தென்னை என்பதால் 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் எடுத்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ வீதம் கொடுத்தேன். மண்வள அட்டை வந்தது. கரிமக் கார்பன், தழை, மணி, சாம்பல், நுண்ணூட்டம் என 12 விவரங்கள். மண்ணில் உயிர் இருக்கிறதா என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அதற்கு வெளியூர் ஆய்வகம்தான். போனில் கேட்டேன். "எப்பவும் போல காயவச்சுக் கொண்டு வாங்க சார்" என்றார் வரவேற்பில் இருந்தவர். ராத்திரி ரயில் பிடித்துக் கொண்டுபோனால், உள்ளே இருந்த டெக்னீஷியன் பையைத் தொட்டதுமே, "காஞ்ச மண்ணா? இதுல என்னத்த எண்ணச் சொல்றீங்க?" என்கிறார். உலர்த்தினால் நுண்ணுயிரில் பெரும்பங்கு செத்துவிடுமாம். போனில் சொன்ன புண்ணியவானோ கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. ரயில் காசு போச்சு.

டெக்னீஷியன் நல்ல மனுஷர். முறையை உட்காரவைத்துச் சொன்னார். சருகை விலக்கி, மேலே 15 செ.மீ. மண்ணை ஈரத்தோடு எடுக்க வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் முன் மம்பட்டியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். புதுப் பையில் போட்டுக் குளிரில் வைக்கலாம், ஆனால் உறையக் கூடாது. மறுநாளுக்குள் ஆய்வகம் சேர வேண்டும்.

பெட்டிக்குத் தேங்காய்ப்பட்டணத்தில் மீன் வியாபாரம் செய்யும் மைனியிடம் போனேன். தெர்மாகோல் பெட்டியைக் கழுவிக் கொடுத்தார். அடியில் ஐஸ், மேலே மடித்த செய்தித்தாள், அதற்கு மேல் இரட்டைப் பையில் மண். ஐஸ் தண்ணீர் பைக்குள் இறங்கினால் எல்லாம் வீண். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர், "என்ன மீனு?" என்றார். மண் என்றேன். நம்பவில்லை.

எந்தச் சோதனை என்பதிலும் உஷாராக இருங்கள். பாக்டீரியா, பூஞ்சை, ஆக்டினோமைசீட்ஸ் (பூஞ்சை போல இழையாக வளரும் பாக்டீரியா) எண்ணிக்கை மட்டும் செய்துவிட்டு அனுப்பப் பார்ப்பார்கள். எண்ணுவதற்காக ஆய்வகத் தட்டில் வளர்வது மண்ணில் உள்ளதில் ஒரு சிறு பங்குதான். நுண்ணுயிர்க் கார்பன் (நுண்ணுயிர்களின் உடலில் உள்ள கார்பன்), டீஹைட்ரஜனேஸ் நொதி (உயிரோடு இருக்கும் நுண்ணுயிருக்குள் வேலை செய்வது) இரண்டையும் கேட்டு வாங்குங்கள். மண் எவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறது என்பதை அவைதான் காட்டும். நிலக்கரிச் சுரங்கத்துக்கும் இது பொருந்தும். அங்கே மேல்மண்ணை வழித்துக் குவித்து வைப்பார்கள். ஆழத்தில் காற்றில்லாமல் நுண்ணுயிர் குறையும். முதலில் அளந்து வைக்காவிட்டால் எவ்வளவு குறைந்தது என்று யார் சொல்வது?

ஒருவழியாக அறிக்கை வந்தது. அதில் 'மாதிரி 1, மாதிரி 2' என்று மட்டும் போட்டிருந்தார்கள். யார் விளை, எந்த ஊர் ஒன்றுமில்லை. இதை எவரிடம் காட்ட முடியும்? சர்வே எண், ஆழம், எடுத்த தேதி, 'ஈரமண், குளிர்நிலையில் பெறப்பட்டது' என்ற வரி எல்லாம் சேர்த்துத் தந்தால்தான் நகர்வேன் என்று கவுன்டரிலேயே நின்றேன். முனகிக்கொண்டே அடித்துக் கொடுத்தார்கள். மண் கொடுக்கும் ரசீதிலேயே இதையெல்லாம் எழுத வைத்துவிட்டால் இந்தச் சண்டை மிச்சம்.

நம் கரையில் கதிர்வீச்சு உள்ள மோனசைட் தாது இயற்கையாகவே இருப்பதால் கதிர்வீச்சு அளவையும் இப்போதே எடுத்து வைப்பது நல்லது. அது தனிச் சோதனை, தனி ஆய்வகம்.

அப்புறம், நமக்கு ஆனி, ஐப்பசி என இரண்டு மழை. மழைக்குப் பிறகு எண்ணிக்கை ஏறும், வெயிலில் இறங்கும். மாசியில் ஒரு முறை, ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒரு முறை, அதே குழிகளுக்குப் பக்கத்திலேயே எடுங்கள்.