ஈட்டி வரிசையும் கேமராவும்

பண்டைய கிரேக்க, பாரசீகப் போர்களைப் படமாக்கும்போது வரலாற்று ஆலோசகரிடம் முதலில் வருவது உடை பற்றிய கேள்விதான். மேலங்கி எந்தச் சிவப்பு, தலைக்கவசத்தின் குஞ்சம் நீளவாக்கிலா குறுக்குவாக்கிலா என்பார்கள். படம் வெளிவந்த பிறகு ரசிகர்களும் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் திரையில் பொய்யாகத் தெரிவது பெரும்பாலும் உடை அல்ல, ஆட்கள் நிற்கிற விதமும் நகர்கிற விதமும்தான். அதைத் திருத்தச் செலவும் குறைவு, யாராவது முன்கூட்டியே கேட்டால்.

கேடயத்தை எடுத்துக்கொள்வோம். ஹாப்லைட் எனப்படும் கிரேக்கக் காலாள் வீரனின் கேடயம் ஏறத்தாழ 90 செ.மீ. விட்டம் கொண்டது. பாப்லர், வில்லோ போன்ற மரத்தில் ஆழமான கிண்ணம்போலச் செய்து, மேலே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வெண்கலத் தகடு போர்த்தியிருப்பார்கள். எடை 6 முதல் 8 கிலோ. உள்ளே நடுவில் முன்கை முழங்கை வரை நுழையும் பட்டை, விளிம்பருகே விரல்கள் பற்றும் கயிறு. கிண்ணத்தின் விளிம்பு இடது தோளில் உட்கார்ந்துகொள்ளும் என்பதால் அந்த எடையைக் கை மட்டும் சுமப்பதில்லை.

பட்டறையில் நடப்பது வேறு. தட்டையான ஃபைபர் அச்சு, நடுவில் ஒரு பிடி, எடை இரண்டு கிலோ. துணை நடிகர் அதைச் சாப்பாட்டுத் தட்டுபோல வீசி ஆட்டுவார். ஸ்டன்ட் மாஸ்டரும் அந்த லேசுக்கு ஏற்றபடி சுழன்று சுழன்று அடிக்கும் சண்டையை அமைத்துவிடுவார். அங்கேயே கதை முடிந்தது. எல்லாக் கேடயமும் கனமாக இருக்க வேண்டியதில்லை. முன் இரண்டு வரிசைக்கு 5 கிலோவுக்குக் குறையாமல், சரியான குழிவோடு செய்தால் போதும். எடையே ஆளை ஒழுங்காக நிற்க வைக்கும். டேக்குகளுக்கு நடுவே களைத்துப்போய்க் கேடயத்தை முழங்காலில் சாய்த்து, ஈட்டியை நிமிர்த்திப் பிடித்து நிற்பார்கள். கி.மு. 378-இல் தீப்ஸ் அருகே ஏதென்ஸ் தளபதி கப்ரியாஸ் தன் ஆட்களை அப்படி நிற்க வைத்து ஸ்பார்ட்டா அரசன் அகெசிலாவுஸைத் தயங்கச் செய்தார். கேமராவை அணைக்காமல் இருந்தால் நல்ல ஷாட் ஒன்று இலவசமாகக் கிடைக்கும்.

ஈட்டியிலும் இதே தவறுதான். நீளம் 2 முதல் 2.5 மீட்டர், முன்னால் இரும்பு அலகு, பின்னால் வெண்கல அடிமுனை. அடிமுனையின் கனத்தால் சமநிலைப் புள்ளி நடுவுக்குப் பின்னே தள்ளிப்போகிறது. ஈட்டியின் பெரும்பகுதி எதிரியை நோக்கி நீள்கிறது. படத்தில் அடிமுனை இருக்காது, அல்லது வெறும் பெயிண்டாக இருக்கும். நடிகர் நட்டநடுவில் பிடிப்பார், பாதி ஈட்டி முதுகுப் பக்கம் வீணாகத் தொங்கும். அடிமுனையை ரப்பரில் வார்த்து உள்ளே எடை வைத்து, பிடிக்கிற இடத்தில் தோல் சுற்றிவிட்டால் கை தானாக அங்கே போகும். ரப்பர் கட்டாயம். நெருக்கமான வரிசையில் கை பின்னால் போகும்போது அடிமுனை குத்துவது எதிரியை அல்ல, பின்னால் நிற்பவரின் தொடையை.

இனி வரிசை. வழக்கமான ஆழம் எட்டுப் பேர். ஆளுக்கு ஏறத்தாழ 90 செ.மீ. அகலம் என்று வைத்தால் 200 துணை நடிகர்கள் வெறும் 22 மீட்டர் அகலத்துக்குத்தான் வருவார்கள். இயக்குநருக்கு இது அதிர்ச்சி. உடனே ஆட்களைத் தள்ளித் தள்ளி நிறுத்தச் சொல்வார். அப்படிச் செய்தால் கேடயச் சுவர் கலைந்து, சந்தைக்கூட்டம் ஆகிவிடும். நெருக்கத்தை விடாமல் கேமராவைத் தாழ்த்தி, வலது ஓரத்திலிருந்து வரிசை நெடுக எடுப்பது நல்லது. பின் ஐந்து வரிசைக்குத் தலைக்கவசமும் நிமிர்ந்த ஈட்டியும் போதும். மிச்ச அகலத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

வலது ஓரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கேடயம் தன் இடப்பக்கத்தையும், இடப்புறம் நிற்பவனின் வலப்பக்கத்தையும் மறைக்கிறது. அதனால் ஒவ்வொருவனும் வலப்புறத்தானின் கேடயத்தை ஒட்டிப்போக, படை முழுவதும் வலதாகச் சாய்கிறது. கி.மு. 418 மான்டினியா போரை விவரிக்கும்போது கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் இதை எழுதியிருக்கிறார். ஸ்பார்ட்டாவினர் குழலிசைக்குக் காலடி வைத்து மெதுவாக முன்னேறியதையும் அதே இடத்தில் சொல்கிறார். பின்னணியில் எப்போதும் முரசை முழக்கும் ஒலிக்கலைஞர்களுக்கு இதைக் காட்டினால் சிலர் நம்பமாட்டார்கள்.

மோதல் தொடங்கிய பத்தாவது நொடியில் வரிசை உடைந்து ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையாவதுதான் இந்த வகைப் படங்களின் தீராத நோய். கதாநாயகன் முகம் தெரிய வேண்டுமே! அதற்கு மூலத்திலேயே வழி இருக்கிறது. கி.மு. 480-இல் மலைக்கும் கடலுக்கும் இடையே குறுகிய கணவாயாக இருந்த தெர்மோபைலேயில் ஸ்பார்ட்டாவினர் கூட்டமாக ஓடுவதுபோல் பாசாங்கு செய்து, பாரசீகர்கள் துரத்தி வந்ததும் ஒரேயடியாகத் திரும்பித் தாக்கினார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். வாள் சுழற்றலைவிட இதில் நாடகம் அதிகம். முகத்துக்கும் வழி உண்டு: முகத்தை மூடும் கொரிந்தியத் தலைக்கவசத்தை நெற்றிக்கு மேல் தள்ளி வைத்திருக்கும் வீரர்கள் சிலைகளிலேயே இருக்கிறார்கள். சண்டைக்கு முன்னும் பின்னும் அப்படி நிற்கலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அருங்காட்சியகத்தில் பார்க்கும் கரும்பச்சை, மண்ணுக்குள் இருந்த நூற்றாண்டுகளின் நிறம். போருக்குப் போனவனின் வெண்கலம் புளி போட்டுத் தேய்த்த பானைபோல மின்னும். திரைப்படங்கள் அதை அழுக்குப் பழுப்பாக்கிவிட்டு ‘யதார்த்தம்’ என்கின்றன. ஸ்பார்ட்டாக் கேடயங்களில் கட்டாயமாக வரும் லாம்டா (Λ) என்ற கிரேக்க எழுத்துக்குச் சான்று கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கிடைக்கிறது. தெர்மோபைலேக்கு அதை ஒட்டுவது ஊகம்.

பாரசீகர்கள் பக்கம்தான் அநியாயம் அதிகம். 2006-இல் வந்த ‘300’ ஒரு சித்திரக்கதையின் தழுவல். பாரசீக அரசன் செர்க்ஸீஸின் மொட்டைத்தலையையும் முகமூடி வீரர்களையும் அதன் கணக்கில் விட்டுவிடலாம். மற்றவர்கள் அதைப் பார்த்து வரைவதுதான் சிக்கல். பாரசீகத் தலைநகரான பெர்செபோலிஸின் சிற்பங்களில் அரசனுக்குச் சுருள் சுருளாக நீண்ட தாடி, கணுக்கால் வரை ஆடை. ஹெரோடோட்டஸ் தரும் பட்டியலில் மென்மையான தொப்பி, பல நிறக் கை வைத்த சட்டை, மீன் செதில்போன்ற கவசம், கால்சட்டை, பின்னல் கேடயம், குட்டை ஈட்டி, பெரிய வில், வலது தொடையருகே குத்துவாள். இன்னொரு பாரசீகத் தலைநகரான சூசாவின் வண்ணச் செங்கல் வில்லாளிகள் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறார்கள். இவ்வளவு விவரம் கிரேக்கர்களுக்கே கிடைப்பது அரிது, இருந்தும் கறுப்புத் துணியைச் சுற்றி அனுப்புகிறார்கள்.

பின்னல் கேடயம் செய்ய எளிது. பதப்படுத்தாத ஈரத்தோலில் வரிசையாகக் கீறி, குச்சிகளை மாற்றி மாற்றிக் கோத்துக் காயவிட்டால் தோல் சுருங்கி இறுகிக்கொள்ளும். மழையில் நனைந்தால் மறுபடி தளர்ந்துவிடும். முன்பே வார்னிஷ் அடித்துவிட வேண்டும். முன்வரிசை இந்தக் கேடயங்களைச் சுவராக ஊன்ற, பின்னாலிருந்து அம்பு மழை பொழியும். கி.மு. 479-இல் பிளாட்டியாவில் அந்தச் சுவர் சரிந்த பிறகுதான் கைகலப்பு முற்றியது. இதை அப்படியே எடுத்தால் சண்டைக்காட்சி தானாக அமைந்துவிடும்.

குதிரைக் காட்சிகளில் அங்கவடி, அதாவது சவாரி செய்பவர் கால் வைக்கும் வளையம், கூடாது. அன்று கிரேக்கரிடமும் இல்லை, பாரசீகரிடமும் இல்லை. ஆனால் அது இல்லாமல் பாய்ந்தோடக் காப்பீட்டுக்காரர்கள் எளிதில் ஒப்பமாட்டார்கள். விரிப்புக்கு அடியில் மெத்தைச் சேணம் வைத்து, அங்கவடி தேவைப்படும் ஸ்டன்ட் வீரர்களை இடுப்புக்கு மேல் மட்டும் எடுப்பதுதான் நடைமுறை. 2004-இன் ‘அலெக்ஸாண்டர்’ படத்துக்கு ஆலோசகராக இருந்த வரலாற்றாசிரியர் ராபின் லேன் ஃபாக்ஸ், குதிரைப்படைத் தாக்குதலில் தானும் பாய்வதைத் தன் நிபந்தனையாக வைத்தார். அதே படம் போரஸுடனான போரை அடர்காட்டில் நடத்தி, பின்னாளில் இந்தியாவில் மல்லர் என்ற இனத்தாரின் கோட்டையில் அலெக்ஸாண்டருக்குப் பட்ட அம்புக்காயத்தையும் அங்கேயே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. ஆலோசகர் சேணம்வரை போகலாம், திரைக்கதைவரை போக முடிவதில்லை.

இடத்தேர்வும் தொல்லைதான். தெர்மோபைலேயை தெர்மோபைலேயில் எடுக்க முடியாது. ஸ்பெர்கியோஸ் ஆற்று வண்டல் கடலைச் சில கிலோமீட்டர் தள்ளிவிட்டது. வேறு மத்தியதரைக் கடற்கரைக்குப் போனால் பாறை சரியாக இருக்கும், இடுக்கில் சப்பாத்திக்கள்ளி நிற்கும். அது அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆனைக்கற்றாழையும் அப்படியே, தைலமரம் ஆஸ்திரேலியா. முதல்நாளே ஒருவர் சட்டகம் முழுக்க நடந்து பார்த்துவிட வேண்டும்.

விருந்துக் காட்சியில் தக்காளி, மிளகாய், மக்காச்சோளம் மூன்றையும் மேசையிலிருந்து எடுத்துவிட்டு அத்தி, ஆலிவ், பார்லி ரொட்டி, உப்பு மீன் வைத்தால் போதும். பாரசீக மேசைக்கு மாதுளை சேர்க்கலாம். செர்க்ஸீஸின் பத்தாயிரம் பேர் படையில் 1,000 ஈட்டிகளின் அடியில் பொன் மாதுளை, 9,000 ஈட்டிகளின் அடியில் வெள்ளி மாதுளை. விருந்து முடிந்ததும் ஒரு பழத்தைப் பட்டறைக்கு அனுப்பினால் அச்சு எடுத்துக்கொள்வார்கள்.