கேட்டலேஸ் பிராக்டிகல், வைவா: மதிப்பெண் நழுவும் இடங்கள்

எம்.எஸ்சி. தாவரவியல் வைவாவில் "வறட்சியில் செடியை எது காப்பாற்றுகிறது?" என்று கேட்டால் "ஆன்டிஆக்சிடன்ட்" என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அடுத்த கேள்வி "எது, செல்லில் எங்கே?" என்றுதான் வரும். இலைத்துளை மூடியதும் கரியமில வாயு வரத்து குறைகிறது; வெயிலோ குறைவதில்லை. போக்கிடமில்லாத எலக்ட்ரான் பசுங்கணிகத்தில் ஆக்சிஜனைப் பிடித்து சூப்பர் ஆக்சைடு ஆகிறது. எஸ்.ஓ.டி. (சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ்) நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக்கும். ஆபத்து அதோடு தீராது. இரும்பு அயனி கிடைத்தால் பெராக்சைடிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறக்கும். அதை அழிக்க எந்த நொதியும் கிடையாது. ஆகவே பெராக்சைடிலேயே மறித்தாக வேண்டும். பசுங்கணிகத்தில் அந்த வேலை அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் நொதியுடையது; பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிளக்கும் கேட்டலேஸ் நொதி முக்கியமாக இருப்பது பெராக்சிசோம் என்ற செல் நுண்ணுறுப்பில். இந்த இரண்டையும்தான் பலர் இடம் மாற்றி எழுதுகிறார்கள்.

பிராக்டிகலுக்கு வசதியானது கேட்டலேஸ். 0.5 கிராம் இலையை, பனிக்கட்டி மேல் வைத்த கல்வத்தில், 5 மி.லி. குளிர்ந்த பாஸ்பேட் பஃபர் (50 மில்லிமோலார், பி.எச். 7.0) விட்டு அரையுங்கள். பஃபரில் ஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி. (பாலிவினைல்பைரோலிடோன்) 1 சதவீதம் வேண்டும், இல்லாவிட்டால் இலையின் ஃபீனால் நொதியைக் கெடுத்து, சாறும் பழுப்பேறிவிடும். 4 டிகிரியில் 15 நிமிடம் சென்ட்ரிபியூஜ் செய்து, மேலே நிற்கும் தெளிந்த சாற்றை எடுங்கள்.

பெராக்சைடு 240 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும்; கேட்டலேஸ் அதைப் பிளக்கப் பிளக்க அந்த உறிஞ்சல் இறங்கும், அளப்பது இதைத்தான். குவெட்டில் (ஒளிமானியில் வைக்கும் சிறு குப்பி) பெராக்சைடு 10 மில்லிமோலார் இருந்தால், தொடக்க உறிஞ்சல் 0.4-ஐ ஒட்டி நிற்கும். 0.25 காட்டினால் பெராக்சைடு பாட்டில் பழசு, வேறு பாட்டிலைத் திறவுங்கள். பிளாஸ்டிக் குவெட் இந்த அலைநீளத்துக்கு உதவாது, குவார்ட்ஸ்தான். சாறு விட்டதும் எண் சீராக இறங்காமல் ஆடுகிறதா? குவெட் சுவரில் ஆக்சிஜன் குமிழி ஒட்டியிருக்கும். சாற்றை நீர்த்து மறுபடி செய்யுங்கள். முதல் நிமிடச் சரிவு போதும். 39.4 என்ற உறிஞ்சல் கெழுப்படி நிமிடத்துக்கு 0.0394 சரிந்தால் 1 மில்லிமோலார், அதாவது 3 மி.லி. கலவையில் 3 மைக்ரோமோல். சில நூல்களில் கெழு 36 என்றும் 43.6 என்றும் இருக்கும். எதை எடுத்தீர்கள் என்று ரெக்கார்டில் எழுதிவிடுங்கள். விடையைப் புரத மில்லிகிராமால் வகுங்கள். வாடிய இலையில் நீர் குறைவு என்பதால், பச்சை எடையால் வகுத்தால் நொதி கூடியதுபோல் பொய்யாகத் தெரியும்.

"கேட்டலேஸ் கூடியது, எனவே செடி தாங்குகிறது" என்ற முடிவுரையும் வேண்டாம். அதே இலையின் எம்.டி.ஏ. (மலோண்டைஆல்டிஹைடு, சவ்வுக் கொழுப்பு சிதையும்போது உண்டாகும் பொருள்) அளவைப் பக்கத்தில் வையுங்கள் (532 நானோமீட்டரில் வந்த உறிஞ்சலிலிருந்து 600-ல் வந்ததைக் கழித்து). இரண்டுமே ஏறியிருந்தால் சவ்வு சிதைந்துகொண்டிருக்கிறது, பாதுகாப்பு ஈடுகொடுக்கவில்லை என்றே எழுத வேண்டும்.