தரையிறங்கும்போதே சொல்ல வேண்டியது

ஒரு விமான நிலையத்தின் புறப்பாட்டுப் பகுதியில், பயணிகளிடம் பறிமுதல் செய்த பொருட்களைக் கண்ணாடிப் பேழையொன்றில் வைத்திருந்தார்கள். மஞ்சளும் பழுப்பும் கலந்து, தேன் உறைந்தாற்போல் மின்னிய ஒரு சீப்பு அதில் இருந்தது. அழுங்காமை என்னும் கடலாமையின் ஓட்டில் செய்தது. அதை வாங்கியவர் அது இன்னதென்று அறியாமலே வாங்கியிருக்கக்கூடும். அந்தப் பேழை வருகைப் பகுதியில் இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை.

அழுங்காமை முட்டையிடும் பருவத்தை எட்டவே 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் உடன்படிக்கையின், மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய முதல் பட்டியலில் அது இடம்பெற்றிருப்பதால், அதன் ஓட்டில் செய்த ஒரே ஒரு சீப்பை நினைவுப் பொருளாக எல்லை தாண்டி எடுத்துச் சென்றாலும் சட்டச் சிக்கல் எழும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். கடையில் வெளிப்படையாக விற்கிறார்களே, பிறகென்ன தடை இருக்கப்போகிறது என்றுதான் வெளியூரிலிருந்து வந்தவர் எண்ணுவார்.

தொல்பொருட்களின் நிலை இன்னும் நுட்பமானது. தரையில் கிடக்கும் பானையோட்டைக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொள்பவர், யாருக்கும் உதவாத ஒன்றைத்தானே எடுக்கிறோம் என்று மனதாரவே நம்புகிறார். ஆனால் அது எந்த மண்ணடுக்கில், எவற்றின் அருகில் கிடந்தது என்பதைக் கொண்டுதான் ஆய்வாளர் அதன் காலத்தையும் அங்கு வாழ்ந்தவர்களின் வாழ்க்கையையும் கணிக்கிறார்; இடம் பெயர்ந்துவிட்டால் அந்தச் செய்தியை மீட்கவே முடியாது. சட்டமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, 100 ஆண்டு பழமையுள்ள நாணயமோ சிற்பமோ தொல்பொருளாகிவிடும். அதைத் தனிநபர் எவரும் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல இயலாது. முதன்முறை வருபவருக்கு இது எப்படித் தெரியும்?

இந்த வகையில் பசிபிக் தீவு நாடான பலாவு செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். 2017 டிசம்பர் முதல், அங்கு வருவோரின் கடவுச்சீட்டில், அத்தீவுகளின் இயற்கையைக் காப்பேன் என்ற ஓர் உறுதிமொழி முத்திரையாகக் குத்தப்படுகிறது. குடியேற்ற அதிகாரியின் முன்னிலையில் பயணி அதில் கையொப்பமிட வேண்டும். அந்நாட்டுக் குழந்தைகளின் உதவியோடு எழுதப்பட்ட அது, அந்தக் குழந்தைகளை நோக்கியே பேசுகிறது. சட்டப் பிரிவுகளை அடுக்கிய பலகையை எவரும் கண்டும் காணாமல் கடந்துபோகலாம். ஒரு குழந்தைக்கு வாக்களித்துக் கையெழுத்திட்டபின், பவளத்தை ஒடிக்க அவ்வளவு எளிதில் கை வராது.

எல்லா நாடுகளும் உறுதிமொழி வாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எதைத் தொடக்கூடாது, எதை வாங்கக்கூடாது, ஐயம் வந்தால் யாரைக் கேட்பது, ஏன் இந்தத் தடை என்பவற்றைப் படங்களோடும் வருவோரின் மொழிகளிலும் விமானத்திலேயே சொல்லிவிடலாம். குடியேற்ற வரிசையில் நகர்ந்து நகர்ந்து நிற்கும் நேரத்தில், எல்லோருடைய கண்களும் படிக்க ஏதேனும் தேடிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சீப்பின் படத்தை அங்கே மாட்டி, அருகில் கடலில் நீந்தும் அழுங்காமையின் படத்தையும் வைக்கலாம்.