பத்து மணி முதல் பத்தேகால் வரை

பிளஸ் டூ பொதுத்தேர்வில் காலை 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். முதல் பத்து நிமிடம் வாசிக்க, அடுத்த ஐந்து நிமிடம் முகப்புத்தாள் விவரங்களைச் சரிபார்க்க. 10.15க்குத்தான் எழுதத் தொடங்கலாம். நன்றாகப் படித்த பிள்ளைகளும் தடுமாறுவது இந்தக் கால்மணி நேரத்தில்தான். பேனாவுக்கு வேலையில்லை, தெரியாத கேள்வி ஒன்று கண்ணில் பட்டால் மனம் அதையே பிடித்துக்கொண்டு தொங்கும்.

"பயப்படாதே" என்று சொல்லி ஒரு பயனும் இல்லை. பதற்றம் உடம்பில் நடப்பது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலோட்டமாக ஓடுகிறது. அப்படி வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். விரல் நுனி மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். "நல்லா இழுத்து மூச்சு விடு" என்ற அறிவுரை பாதிதான் சரி. வேகவேகமாக இழுத்தால் கிறுகிறுப்பு கூடத்தான் செய்யும். நீட்ட வேண்டியது வெளிமூச்சை. மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். பத்து முறை செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால் தேர்வறையில்தான் முதல்முறை செய்து பார்ப்பேன் என்றால் கைகொடுக்காது. ஒரு மாதம் முன்பிருந்தே, படிக்க உட்காரும்போதெல்லாம் செய்து பழகியிருக்க வேண்டும்.

மீதி நிமிடங்களுக்கு மனதுக்கு வேலை கொடுங்கள். இயற்பியலையே எடுத்துக்கொள்வோம். எழுத்துத்தேர்வு 70 மதிப்பெண்: ஒரு மார்க் 15, இரண்டு மார்க்கில் ஒன்பதுக்கு ஆறு, மூன்று மார்க்கிலும் ஒன்பதுக்கு ஆறு, ஐந்து மார்க் ஐந்து, ஒவ்வொன்றும் 'அல்லது' வைத்து. வினா எண் 24, 33 இரண்டும் கட்டாய வினாக்கள். முதலில் அந்த இரண்டைப் பாருங்கள், அங்கே தப்பிக்க வழியில்லை. பிறகு ஐந்து மார்க்குக்குப் போய் 'அ'வா 'ஆ'வா என்று முடிவெடுங்கள். எடுத்த முடிவை நடுவில் மாற்ற வேண்டாம். பாதி எழுதிய விடையை அடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவுவதில்தான் இருபது நிமிடம் காணாமல் போகும்.

நேரக் கணக்கையும் முன்பே போட்டு வையுங்கள்: ஒரு மார்க் முழுவதற்கும் 15 நிமிடம், ஐந்து மார்க் ஒன்றுக்கு 13, மூன்று மார்க்குக்கு 8, இரண்டு மார்க்குக்கு 5. கூட்டினால் 158. 180இல் 22 நிமிடம் கையிருப்பு. "நேரம் போதாதோ" என்ற பயத்துக்கு இந்த 22தான் பதில். இதே கணக்கில் வீட்டில் மூன்று மாதிரித் தேர்வாவது, மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல், எழுதிப் பார்த்திருக்க வேண்டும். புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்த மாதிரிதான் இருக்கும். மூடி வைத்து எழுதினால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே 'பிளாங்க்' ஆகிவிட்டதா? நினைவு அழிந்துவிடவில்லை, கவலை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. கையை ஓட்டினால் இடம் கிடைக்கும். மாறுதிசை மின்னியற்றி (ஏ.சி. ஜெனரேட்டர்) கேட்டிருக்கிறார்கள், தருவித்தல், அதாவது சூத்திரத்தைப் படிப்படியாகப் பெறுவது, வரவில்லை என்றால், படத்தை வரையுங்கள்: காந்த முனைகள், கம்பிச்சுருள், நழுவு வளையங்கள், தூரிகைகள். பாகம் குறித்து, 'தத்துவம்: மின்காந்தத் தூண்டல்' என்று ஒரு வரி எழுதும்போதே காந்தப்பாயம் நினைவுக்கு வந்துவிடும் பெரும்பாலும். இரண்டு நிமிடத்தில் வரவில்லையா, ஒரு பக்கம் இடம் விட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். வரைந்த படத்துக்கும் மார்க் உண்டு.

முந்தின நாள் இரவு புதுப் பாடம் தொடாதீர்கள். படித்தது பதிவாவது தூக்கத்தில். ஏழு மணி நேரத்தைக் குறைத்து டீ போட்டு விழித்திருப்பது நஷ்டக் கணக்கு. மாலை குடித்த காபியே நள்ளிரவு வரை உடம்பில் நிற்கும். ஹால் டிக்கெட், நீலம் அல்லது கருப்பு மைப் பேனா இரண்டு, பென்சில், ஸ்கேல் எல்லாம் இரவே பையில் இருக்கட்டும். காலையில் நான்கு இட்லி போதும். வழக்கமில்லாத எதையும் அன்று சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம்.

தேர்வு முடிந்து கேட்டைத் தாண்டியதும் "அந்த ஒன்வேர்டுக்கு என்ன போட்ட?" என்று யாராவது வருவார்கள். நிற்காமல் வீட்டுக்குப் போங்கள். ஒரு மார்க் தப்பானது தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை, அடுத்த பேப்பருக்கான அரை நாள் போகும். பெற்றோரும் அன்று கேட்க வேண்டியது "சாப்பிட்டியா?" மட்டும்தான்.

ஒரு பாடத்தில் போனாலும் அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு இருக்கிறது. வாரக்கணக்கில் தூக்கம் வராமல், சோறு இறங்காமல், உயிரோடு இருந்து என்ன என்று தோன்றத் தொடங்கினால் அது மூச்சுப்பயிற்சியில் தீராது. அன்றே வீட்டில் ஒருவரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.