ஏஎன்-32ஐக் கண்டுபிடித்த சோனார்
2016 ஜூலை 22, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் வங்கக் கடலுக்கு மேல் காணாமல் போனது. உள்ளே 29 பேர். கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. 2024 ஜனவரியில்தான், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் தெரிந்தன.

ஏன் இவ்வளவு கஷ்டம்? ஆழ்கடலில் தேட உதவுவது சோனார், அதாவது ஒலியை அனுப்பி எதிரொலியை வைத்துக் கீழே இருப்பதை அறியும் கருவி. ஒலி நீரில் நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் போகும். அந்த ஆழத்துக்குப் போய்த் திரும்ப நாலரை நொடி. கப்பலின் அடியில் இருக்கும் மல்டிபீம் சோனார் ஒலியை விசிறி மாதிரி விரித்து அனுப்புகிறது. ஒரு டிகிரி கற்றை தரையைத் தொடும்போது சுமார் 60 மீட்டர் அகலமாகிவிடும். ஏஎன்-32இன் இறக்கை நீளமோ 29 மீட்டர்தான். மலையும் பள்ளமும் தெரியும், விமானம் தெரியாது.

அதனால் கருவியே கீழே இறங்க வேண்டும். நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் ஆளில்லாத் தானியங்கி நீர்மூழ்கியை அனுப்பியது. அதில் மல்டிபீம் சோனார், பல எதிரொலிகளைச் சேர்த்துத் துல்லியமான படம் தரும் செயற்கைத் துளை சோனார், கூடவே கேமரா. கிடைத்த படங்கள் ஏஎன்-32உடன் ஒத்துப்போவதாகப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது.

ஏழரை வருடம் பதிலே இல்லாமல் காத்திருந்த குடும்பங்களை நினைத்தால் மனசு கனக்கிறது. இந்த வேலையைச் செய்த நம்மூர் பொறியாளர்களை இன்னும் நிறைய பேர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உலகக் கடல் தரையில் கால்வாசிக்குச் சற்று மேல்தான் இதுவரை சோனாரால் அளக்கப்பட்டிருக்கிறது.