வெள்ளை வட்டமும் நான் போட்ட நான்கு ஸ்க்ரூவும்

தாத்தாவின் எழுதுமேசை எனக்கு வந்து சேர்ந்து ஆறு வருடம். ஒருநாள் இரவு சூடான டம்ளரை அப்படியே வைத்துவிட்டேன். காலையில் அந்த இடத்தில் வெள்ளை வட்டம்.

பாலிஷ் ஸ்ப்ரே அடித்துத் துடைத்தேன். மேசை பளபளத்தது, வட்டம் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. பொறுமை போய் 80ஆம் நம்பர் உப்புத்தாளை, நல்ல கொரகொரப்பு, எடுத்துப் பத்துத் தேய்ப்பு. வட்டம் போனது, கூடவே நிறமும். உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய திட்டு, அதன் மேல் மர ரேகைக்குக் குறுக்கே கீறல்கள். குழந்தை கிறுக்கியதாகச் சொன்னாலும் நம்புவார்கள்.

பெரியப்பா பல காலம் மரவேலை பார்த்தவர். போனில் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "வட்டம் வெள்ளையா, கருப்பா?"

"வெள்ளை, பெரியப்பா."

"அப்ப ஈரம் பாலிஷோட நின்னிருச்சு, மரத்துக்குப் போகலை. கருப்பா இருந்தாத்தான் மரத்துல இறங்கினதுன்னு அர்த்தம். பாலிஷ்ல இருக்கிற கறைக்கு மரத்தை ஏன்டா சுரண்டுன?"

என்ன பாலிஷ் என்று முதலில் கண்டுபிடிக்கச் சொன்னார். மேசையின் அடிவிளிம்பில், யார் கண்ணிலும் படாத இடத்தில், பஞ்சில் ஸ்பிரிட் (ஆல்கஹால்) தொட்டு வைத்தேன். அரை நிமிடத்தில் பிசுபிசுத்தது, பஞ்சில் பழுப்பு ஏறியது. அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு மசியாமல் தின்னருக்கு மட்டும் கரைந்தால் லாக்கர், இரண்டுக்கும் அசையாவிட்டால் பெரும்பாலும் பி.யு., அதாவது பாலியூரித்தேன் பூச்சு என்றார்.

அரக்கு என்றதும் அவர் குரலே மாறியது. புதுப்பூச்சு பழைய பூச்சை லேசாகக் கரைத்து அதோடு ஒன்றிவிடும், அதனால் திட்டை மட்டும் சரிசெய்யலாம். பி.யு. அப்படி ஒட்டாது. ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் மெல்ல வருடியிருந்தாலே அந்த வட்டம் போயிருக்குமாம். இதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

100 மில்லி ஸ்பிரிட்டில் 12 கிராம் அரக்குச் செதிலை ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். கரைத்தது நாள்பட்டால் சரியாகக் காயாது, அதனால் வேண்டிய அளவுக்கு மட்டும். மறுநாள் ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, 120, 180, 220 என்று உப்புத்தாளை மாற்றி ரேகையோடு மட்டும் இழுத்தேன். குறுக்குக் கீறல்கள் மறையவே முக்கால் மணி நேரம் ஆனது.

பஞ்சை பழைய பருத்தித் துணியில் பொதிந்து, அரக்கில் நனைத்துப் பிழிந்து பூச வேண்டும். கை நடுவில் நிற்கக் கூடாது. நான் போன் மணிக்குத் திரும்பிய ஒரே நொடியில் துணி ஒட்டிக்கொண்டு, பூச்சைச் சின்னதாகப் பிய்த்தெடுத்தது. காயவிட்டு, தேய்த்து, மறுபடி. மூன்று நாளில் ஏழு பூச்சு. ஜன்னல் பக்கம் நின்று குனிந்து பார்த்தால் திட்டு இன்னும் தெரிகிறது. நேரே பார்த்தால் இல்லை.

அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியதும் வேறொரு பூதம் கிளம்பியது. மேல்பலகையில் ஓரத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். தபால் அட்டை நுழையும். மரம் பழசு என்று இருந்துவிட்டேன். "அந்த நாலு ஸ்க்ரூ யார் போட்டது?" என்றார். நான்தான். ஆட்டம் நிற்கட்டும் என்று மேல்பலகையின் இரண்டு பக்கமும் எல் வடிவ உலோகப் பட்டை வைத்துச் சட்டத்தோடு இறுக்கியிருந்தேன். மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. அகலவாக்கில் ஈரத்துக்கு உப்பும், வறட்சிக்குச் சுருங்கும். முக்கால் மீட்டர் அகலப் பலகை சில மில்லிமீட்டர் நகரும். நான் நகர விடவில்லை, பலகை பிளந்துகொண்டது.

ஒரு பக்க ஸ்க்ரூக்களைத் தளர்த்தியபோது 'டக்' என்று சத்தம் கேட்டது. விரிசல் பாதிக்கு மேல் தானாக மூடியது. மீதியில் மரப்பசை இறக்கி ஒருநாள் கிளாம்ப் போட்டேன். பட்டையின் துளைகளை அரத்தால் அகலவாக்கில் நீட்டி, ஸ்க்ரூவை லேசாக மட்டும் முடுக்கினேன். கால் பக்கம் பழைய ஆணியைச் சுற்றி ஒரு கருப்புக் கறை இருக்கிறது. இரும்பும் ஈரமும், மரத்திலேயே இருக்கும் துவர்ப்புப் பொருளான டானினும் சேர்ந்து வந்தது. அதில் கை வைக்கவில்லை, உப்புத்தாளைப் பரணில் போட்டாயிற்று.