பிடித்தம்

தோட்ட அலுவலகத்தில் பதினான்கு வருடம் கிராணி வேலை, அதாவது கணக்கர் வேலை பார்த்தேன். இப்போது ஆறாவது வருடமாக மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் மச்சானுடைய கைப்பேசிக் கடையில் இருக்கிறேன். 2007-இல் பட்டணத்துக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். சாலைப் பலகையிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் சுற்றுத் தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர்களுக்கு இது இன்னும் பெர்ஜுந்தைதான். எனக்கும் அப்படித்தான்.

கண்ணாடி உடைந்த போன், சார்ஜ் ஏறாத போன், டாப்-அப், போட்டோஸ்டாட், அரசாங்க உதவிக்கான பாரங்களை இணையத்தில் நிரப்பிக் கொடுப்பது. கடையில் நடக்கும் வியாபாரம் இவ்வளவுதான். விலைப்பட்டியலில் எழுதாத வேலை ஒன்றும் இருக்கிறது, அதற்குத்தான் என் நேரம் அதிகம் போகிறது. "அண்ணே, காசு வெட்டுறான். நிறுத்திக் கொடுங்க" என்று போனை நீட்டுவார்கள்.

யார் வெட்டுகிறான் என்று கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியாது. வங்கிக் கணக்கில் ஒரு வரி இருக்கும், பாதி எழுத்து, பாதி எண். சிலருக்கு அதுவும் இல்லை. பத்து வெள்ளி, அதாவது பத்து ரிங்கிட், டாப்-அப் போட்டால் இரண்டு நாளில் ஆறு வெள்ளிதான் மிச்சம் இருக்கும். தோட்டத்து லய வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு இப்படித்தான் பல மாதம் போனது. அவர் யாருக்கும் போன் செய்வதில்லை. மகள் ஜொகூரிலிருந்து கூப்பிட்டால் எடுப்பார், அவ்வளவுதான். பேரன் விளையாடும்போது வந்த ஏதோ விளம்பரத்தை அமுக்கியிருக்கிறான். 3-இல் தொடங்கும் ஐந்து இலக்க எண்ணிலிருந்து வாரா வாரம் ராசிபலன் வந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் கிரெடிட் போயிருக்கிறது. பாட்டிக்குப் படிக்கவே தெரியாது. அந்த எண்ணுக்கே 'ஸ்டாப் ஆல்' என்று ஆங்கிலத்தில் அனுப்பினேன், நின்றுவிட்டது. அரை நிமிட வேலை. இத்தனை மாதமாக அந்த அரை நிமிடம் அவர் கைக்கு எட்டாமல் இருந்தது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான்தான்யா தெரியாம எதையோ அமுக்கியிருப்பேன்" என்றார். எல்லோரும் இதையே சொல்கிறார்கள். காசு போனவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்காதபடி பேசுவார். எடுத்தவனுக்கு இல்லாத வெட்கத்தை இழந்தவர் சுமந்துகொண்டு கடைக்கு வருவதை ஆறு வருடமாகப் பார்க்கிறேன்.

போன வருடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த அதே தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். இன்னமும் என்னைக் கிராணி என்றுதான் கூப்பிடுவார். மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. பிள்ளைக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கும் ஒரு செயலி, முதல் 7 நாள் இலவசம் என்று போனில் விளம்பரம் வந்திருக்கிறது. டெபிட் கார்டு எண்ணைக் கேட்டது, கொடுத்திருக்கிறார். பிள்ளை இரண்டு வாரம் பார்த்திருக்கிறாள். வீடியோவுக்கு டேட்டா அதிகம் போகிறதென்று அதற்கப்புறம் அதைத் தொடவில்லை. அவர் செயலியை அழித்துவிட்டார். கதை முடிந்தது என்றுதான் நினைத்திருக்கிறார். ஐந்து மாதம் கழித்து ஏடிஎம்மில் காசு குறைந்திருப்பதைப் பார்த்துத்தான் வந்தார்.

போனிலிருந்து செயலியை அழித்தால் சந்தா நிற்காது. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. கூகுள் பிளே வழியாகவோ ஆப்பிள் வழியாகவோ கட்டியிருந்தால் பரவாயில்லை, அவற்றின் அமைப்பில் சந்தாக்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும், அங்கே போய் நிறுத்திவிடலாம். இலவச நாட்கள் முடிய குறைந்தது 24 மணி நேரம் இருக்கும்போதே நிறுத்தச் சொல்கிறது ஆப்பிள். இவருடையது இரண்டிலும் இல்லை. அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் நேராகக் கார்டு எண்ணைக் கொடுத்திருந்தார்.

மாதம் 59 வெள்ளி 90 சென். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 சென். பழக்க தோஷத்தில் என் மனம் உடனே செக்ரோல் என்ற சம்பளப் பேரேட்டுக் கணக்குக்குப் போய்விட்டது. ஏறக்குறைய ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி. மாதா மாதம் ஒரு நாள் காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், வெயிலில் நின்று, தலைக்கு மேலே இருக்கும் குலையை அண்ணாந்து பார்த்து அரிவாள் கம்பத்தால் வெட்டி இறக்கிய கூலி, ஐந்து மாதமாக யாரும் பார்க்காத ஒரு செயலிக்குப் போயிருக்கிறது.

முதல் நாள் உள்ளே நுழையவே முடியவில்லை. எந்த மின்னஞ்சலில் பதிந்தார் என்று தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தால் மறைச்சொல் தெரியவில்லை. இரண்டாவது தடவை வந்தபோது உள்ளே போய்விட்டோம். காசு கட்டு என்ற பொத்தான் எல்லாப் பக்கத்திலும் ஆரஞ்சு நிறத்தில் பெரிதாக இருந்தது. ரத்து செய் என்பதைக் காணவில்லை. கணக்கு, அதற்குள் திட்டம், அதற்குள் பக்கத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வரி. அமுக்கினால், போவதற்கு முன் ஒரு நிமிடம் என்றது. என்ன காரணம் என்று கேட்டது. மூன்று மாதம் பாதி விலைக்குத் தருகிறேன் என்றது. நிறுத்த வேண்டாம், கொஞ்ச நாள் ஒத்திவைத்துக்கொள் என்றது. அப்புறம் புத்தகப் பையோடு அழுகிற ஒரு குழந்தைப் படம் வந்தது. கீழே இரண்டு பொத்தான்.

"கிராணி, அதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

எனக்கு வாய் வரவில்லை. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் அவருக்குச் சொல்ல வேண்டிய ஆள் நான்தான். மேல் பொத்தானில், என் பிள்ளை தொடர்ந்து முன்னேறட்டும் என்று இருந்தது. கீழ்ப் பொத்தானில், வேண்டாம், என் பிள்ளை பின்தங்கினாலும் பரவாயில்லை என்று இருந்தது. சந்தாவை நிறுத்த அவர் அமுக்க வேண்டியது கீழ்ப் பொத்தானை.

சொன்னேன். அவர் பொத்தானுக்கு மேல் வைத்திருந்த விரலை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ விட்டுடலாமா?" என்று என்னைக் கேட்டார்.

அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் சொல்லில் கொண்டுவர முடியவில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் நாலு பேர் உட்கார்ந்து, எந்த வார்த்தையை எழுதினால் ஒரு தகப்பன் கையை எடுப்பான் என்று யோசித்து அதை எழுதியிருக்கிறார்கள். அவர்கள் யோசித்தது சரியாகத்தான் வேலை செய்தது. தன் பெயரைக்கூட ஆங்கிலத்தில் தடுமாறி எழுதுகிற ஒரு மனிதர், மகள் தன்னைப்போல் ஆகிவிடக் கூடாதென்று கார்டு எண்ணைக் கொடுத்தவர். அவருடைய ஆசையையே எடுத்து அவர் வழியில் வேலியாகப் போட்டிருந்தார்கள்.

"பாப்பா இதைப் பாக்குறதே இல்லையே. அமுக்குங்க, இது சும்மா எழுதி வச்சிருக்கான்" என்றேன். அமுக்கினார். அதற்குப் பிறகும் முடியவில்லை. ரத்தை உறுதிசெய்ய எங்கள் ஊழியரோடு உரையாடுங்கள், திங்கள் முதல் வெள்ளி வரை, வேலை நேரத்தில் மட்டும் என்று வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை.

தோட்ட அலுவலகத்தில் என் வேலையில் பெரும் பங்கு பிடித்தம் எழுதுவது. சம்பளச் சீட்டில் வலப்பக்கம் முழுக்க அதுதான். சேமநிதி, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி இரண்டும் சட்டப்படி கட்டாயம். தொழிற்சங்கச் சந்தா, கூட்டுறவுச் சந்தா போன்றவை தொழிலாளி எழுத்தில் கேட்டுக்கொண்டால்தான். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. பிடித்தம் மொத்தமும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் அதில் பொதுவிதி உண்டு. 1954-இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமானாலும் சரி, தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில் அவற்றைத் தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே வாங்க 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கமானாலும் சரி, எங்கள் மக்கள் மாதச் சந்தா கட்டியே வளர்த்தவை. சந்தா என்ற சொல்லுக்கு எங்கள் வீடுகளில் ஒரு மரியாதை இருந்தது. அப்பாவின் சங்கச் சந்தா அட்டையை அம்மா சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

ஆரம்பிப்பதற்குக் கையெழுத்து வேண்டும், எழுதத் தெரியாதவருக்குக் கட்டைவிரல் ரேகை. நிறுத்துவதற்கு? காலையில் பெரட்டு நேரத்தில் வந்து, "கிராணி, அடுத்த மாசத்துலேர்ந்து வேணாம்" என்பார்கள். நான் குறித்துக்கொள்வேன், பத்து மணிக்கு மேல் அலுவலகம் வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. ஏன் என்று நான் கேட்டதில்லை. மகளுக்குக் கல்யாணமாக இருக்கலாம், தலைவரோடு சண்டையாக இருக்கலாம், எனக்கு எதற்கு அது?

ஒரு தடவை தவறவிட்டேன். கோவில் திருவிழாவுக்கென்று மாதம் இரண்டு வெள்ளி பிடித்துக்கொண்டிருந்தோம். ஒருவர் நிறுத்தச் சொன்னார், அந்த வாரம் தணிக்கை நடந்ததில் மறந்துபோனேன். சம்பள நாளன்று அவர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சன்னல் ஓரம் வந்து நின்றார். கத்தவில்லை. "இன்னும் போட்டிருக்கீங்களே" என்றார். என் பையிலிருந்து இரண்டு வெள்ளியை எடுத்துக் கொடுத்தேன். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு கேள்வியை வருடக்கணக்காக மறக்க முடியவில்லை. பிறர் சம்பளத்தில் கை வைக்கிறவனுக்கு அந்தக் கூச்சம் இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்குப் பிடித்தம் எழுதுகிறது ஓர் எந்திரம். அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் சன்னலே கிடையாது, சீட்டோடு போய் நிற்க.

இந்த வேலையில் விழுந்த பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன். இப்படி வழிமாற்றி விடும் வடிவமைப்புகளுக்கு ஹாரி பிரிக்னல் என்ற இங்கிலாந்துக்காரர் 2010-லேயே ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார். 'இருண்ட வடிவங்கள்' என்று சொல்லலாம். அமேசான் நிறுவனம் தன் பிரைம் சந்தாவை ரத்துசெய்யும் வழிக்கு உள்ளுக்குள் 'இலியட்' என்று பெயர் வைத்திருந்ததாக அமெரிக்க வணிக ஆணையம் 2023-இல் வழக்கில் சொன்னது. பத்து வருடம் நடந்த ஒரு போரைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயர் அது. நாலு பக்கம், ஆறு சொடுக்கு, பதினைந்து தெரிவுகள் தாண்டினால்தான் வெளியே வரலாம் என்று குற்றச்சாட்டில் இருந்தது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு அந்த வழக்கை முடித்தார்கள். ஆக, வெளியே போகும் வழி நீளமாக இருப்பது கவனக்குறைவால் வந்ததில்லை. அதைக் கட்டியவர்களுக்கு அது எவ்வளவு நீளம் என்று தெரிந்திருக்கிறது.

ஜெர்மனியில் 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் சந்தா விற்கிறவர்கள் ரத்துசெய்யும் பொத்தானையும் தெளிவாக வைத்தே ஆகவேண்டும். அமெரிக்காவில் 2024-இல் அதேபோல் ஒரு விதி கொண்டுவந்தார்கள், நடைமுறை சரியில்லை என்று 2025 ஜூலையில் நீதிமன்றம் தள்ளிவிட்டது. இந்தியா 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டலில் சந்தாப் பொறி என்றே ஒரு தலைப்பு இருக்கிறது. நம் நாட்டில் பயனீட்டாளர் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம் இருக்கிறது. ஐந்து வெள்ளி கட்டணம், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். நல்ல ஏற்பாடு, நானே இரண்டு பேருக்குப் பாரம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன், இரண்டுமே உள்ளூர்க் கடைகள் மேல். ஆனால் இந்தச் செயலி எந்த நாட்டில் இருக்கிறது என்று அதன் தளத்தில் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. யார் மேல் பாரம் நிரப்புவது?

கார்டையே முடக்கிவிடு என்று மச்சான் சொன்னான். சில நேரம் அதுதான் வழி. ஆனால் கார்டை முடக்கினால் காசு போவது நிற்கலாம், சந்தா அங்கே உயிரோடுதான் இருக்கும். புதிய கார்டு எண்ணைப் பழைய வியாபாரிகளுக்குத் தானாகவே தெரிவிக்கும் ஏற்பாடும் விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் உண்டு. அதனால் முறையாக ரத்துசெய்து, அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்வதைத்தான் நான் முதலில் செய்வேன்.

மூன்றாவது தடவை, ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் வேலைக்குப் போகவில்லை. சந்தாவை நிறுத்த இன்னொரு பேரும் போனது. உரையாடலில் வந்த ஊழியர் மறுபடியும் பாதி விலை என்றார். வேண்டாம் என்று எழுதினேன். காரணம் கேட்டார். வேண்டாம் என்றே திரும்ப எழுதினேன். நாற்பது நிமிடம். கடைசியில் மின்னஞ்சல் வந்தது: 18-ஆம் தேதி வரை பார்க்கலாம், அதற்குமேல் காசு எடுக்கமாட்டோம். போன ஐந்து மாதக் காசைத் திருப்பித் தருவதற்கில்லை.

அந்தத் திரையைப் படம் பிடித்து அச்செடுத்து, தேதிக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு அவரிடம் கொடுத்தேன். "எவ்வளவு கிராணி?" என்றார். இந்த வேலைக்கு நான் காசு வாங்குவதில்லை, மச்சானுக்கும் அது தெரியும். "போட்டோஸ்டாட் காசு போதும்" என்றேன்.

அடுத்த மாதம் 19-ஆம் தேதி காலையிலேயே வந்துவிட்டார், மகளையும் மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு. வங்கிச் செயலியைத் திறந்து இரண்டு முறை கீழே இழுத்துக் காட்டினேன். அந்த வரி இல்லை.

"வெட்டலையா?"

"வெட்டல."

பிள்ளை பையிலிருந்து ஆசிரியர் கொடுத்த கணக்குப் பயிற்சித் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். பதினாறு பக்கம். அண்ணன் பேனாவால் பதில் எழுதி வைத்த பக்கங்களை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். இயந்திரத்தில் கருமையைக் குறைத்து ஒரு பக்கம் எடுத்துக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்றாள்.